நின்று மோதும் கலைக்குத் தரைப்பயிற்சி தேவையா?

கராத்தே, விங் சுன், டேக்வாண்டோ என்று நின்றபடி அடிக்கும் கலை ஒன்றைப் பல வருடம் பழகியவரிடம், "யாராவது உங்களைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். நான் விழவே மாட்டேன் என்பார் ஒருவர். விழுந்தால் கண்ணைக் குத்துவேன், கடித்து வைப்பேன் என்பார் இன்னொருவர். அதற்கும் எங்கள் காத்தாவில், அதாவது தனியாகச் செய்து பழகும் அசைவு வரிசையில், வழி இருக்கிறது, உங்களுக்கு இன்னும் அந்தப் பாடம் வரவில்லை என்பார் மூன்றாமவர். கேட்டவர், தரையில் பிடித்து மடக்கும் பிரேசிலிய ஜியு-ஜிட்சு பழகுபவராக இருந்தால் அவர் பையிலும் ஒரு பதில் தயாராக இருக்கும்: தரைச்சண்டை தெரியாத கலை வெறும் நடனம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தற்காப்பு என்று சொல்லிக் கற்றுக்கொடுக்கப்படும் எந்தக் கலைக்கும் தரைப்பயிற்சி தேவைதான். ஆனால் தேவைப்படும் அளவு பலரும் நினைப்பதைவிடக் கொஞ்சம். அதுவும் எதிராளியைத் தரையிலேயே வெல்வதற்காக அல்ல, அங்கிருந்து எழுந்து நிற்பதற்காக. தற்காப்பு என்று சொல்லாமல், இது ஒரு மரபு, அழகான உடற்பயிற்சி, போட்டி விளையாட்டு என்று வெளிப்படையாகச் சொல்லி நடத்துபவர்களுக்கு இந்தக் கடமை கிடையாது. அவர்களிடம் போய் மல்லுக்கட்டுவது வீண் வம்பு.

1993-இல் நடந்ததும் அதற்கு முன் நடந்ததும்

இந்த விவாதம் சூடுபிடித்தது 1993 நவம்பர் 12-ஆம் தேதி. அமெரிக்காவின் டென்வர் நகரில், வெவ்வேறு கலைக்காரர்களை மோதவிடும் யூஎஃப்சி என்ற போட்டி முதல் முறையாக நடந்தது. எட்டுப் பேர், பல வகைக் கலைகள்: குத்துச்சண்டை, கிக் பாக்ஸிங், சுமோ, கென்போ கராத்தே, பிரெஞ்சு சவாத். ஒரே இரவில் மூன்று பேரை வீழ்த்தி வென்றவர் பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரர் ஹாய்ஸ் கிரேஸி. ஏறக்குறைய 80 கிலோ எடை, மிரட்டும் உடல்வாகு இல்லை, குத்தும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஒரு கையில் மட்டும் குத்துச்சண்டை உறை போட்டுக்கொண்டு வந்த ஆர்ட் ஜிம்மர்சனை அவர் கீழே தள்ளி மேலே ஏறினார். மூட்டை முறுக்கும் பூட்டு எதுவும் முழுதாக விழும் முன்பே ஜிம்மர்சன் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அடுத்த வருடம் நடந்த இரண்டாம், நான்காம் போட்டிகளையும் கிரேஸியே வென்றார்.

போட்டியை உருவாக்கியவர்களில் ஒருவர் ஹாய்ஸின் அண்ணன் ஹோரியன் கிரேஸி என்பதையும், எதிரே நின்றவர்களில் பலருக்கு இந்தக் கலை எப்படி வேலை செய்கிறது என்றே தெரியாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் பார்த்தவர்களுக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. அடிப்பதில் தேர்ந்தவர்கள் முதுகு தரையில் பட்டதும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கிடந்தார்கள்.

இதைப் பாரம்பரியக் கலைகள் நவீனக் கலையிடம் தோற்ற கதையாகச் சொல்வது வழக்கம். அது சரியில்லை. கிரேஸி குடும்பத்தின் கலைக்கு விதை போட்டவர் மிட்சுயோ மயேடா. 1882-இல் ஜிகோரோ கானோ தொடங்கிய கோடோகான் ஜூடோவில் வளர்ந்தவர். 1914-இல் பிரேசிலுக்கு வந்து, பிறகு பெலேம் நகரில் கார்லோஸ் கிரேஸிக்குக் கற்றுக்கொடுத்தார். 1951-இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜூடோ வீரர் மசாஹிக்கோ கிமுரா, ஹாய்ஸின் அப்பா எலியோ கிரேஸியை எறிந்து, கையை முறுக்கிப் பூட்டி வென்றார். அந்தப் பூட்டை இன்றும் ஜியு-ஜிட்சுக்காரர்கள் 'கிமுரா' என்றே அழைக்கிறார்கள். தரைச்சண்டை வெளியிலிருந்து வந்த புதுச் சரக்கு இல்லை. பாரம்பரியத்துக்குள்ளேயே இருந்த ஒன்று, சில கிளைகளில் வளர்ந்தது, சில கிளைகளில் உதிர்ந்தது.

அது உதிர்ந்த விதம் சுவாரஸ்யமானது. ஜூடோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் 1914 முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இடையே நடந்த கோசென் போட்டிகளில், விருப்பம்போலத் தரைக்குப் போக விதிகள் இடம் கொடுத்தன. எறிதலில் தேர்ச்சி பெறப் பல வருடம் ஆகும். தரையில் பிடித்து வைப்பதைக் குறுகிய காலத்தில் கற்றுக்கொண்டு பலமான எதிராளியையும் தடுத்து நிறுத்த முடியும். மாணவர்கள் கணக்குப் போட்டார்கள், போட்டிகள் தரையிலேயே நடக்க ஆரம்பித்தன. கானோவுக்கு இது பிடிக்கவில்லை. நின்ற நிலைதான் முதலில் என்பது அவர் கொள்கை. 1925 வாக்கில் தரைக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. இன்றைய ஜூடோ போட்டியில் எதிராளியை முதுகு தரையில் படும்படி அமுக்கி 20 விநாடி வைத்திருந்தால் முழு வெற்றி. தரையில் வேலை நகரவில்லை என்று தோன்றினால் நடுவர் எழுப்பிவிடுகிறார். 2010 முதல் காலைப் பிடித்து வீழ்த்துவதும் படிப்படியாகத் தடை செய்யப்பட்டது. இன்றைய ஜூடோ மாணவர் பலர் அந்தப் பிடிகளைப் பழகாமலேயே கறுப்பு பெல்ட் வாங்குவதற்கு அதுதான் காரணம்.

கராத்தேயிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். கராத்தேயை ஜப்பானில் பரப்பிய கிச்சின் ஃபுனகோஷி 1935-இல் வெளியிட்ட பாடநூலில் எறியும் முறைகள் உண்டு. ஆனால் அதற்கு முன்பே, 1900-களின் தொடக்கத்தில், கராத்தே பிறந்த ஒகினாவாத் தீவின் பள்ளிகளில் அது உடற்பயிற்சிப் பாடமாக நுழைந்துவிட்டது. வரிசையாக நிற்கும் ஏராளமான பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் தனியாகச் செய்யும் காத்தாவும் குத்தும் உதையும்தான் வசதி. இருவர் இருவராகக் கட்டிப்புரள்வது அந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவராது. அப்புறம் தரை மரப்பலகை, உடை மெல்லிய பருத்தி, பிடித்து இழுத்தால் கிழியும். விளையாட்டு விதிகள் மிச்சத்தை முடித்து வைத்தன. உலகக் கராத்தே கூட்டமைப்பின் போட்டியில் எதிராளியை வீழ்த்திய கையோடு ஓர் அடி போட்டால் மூன்று புள்ளி. ஆனால் அதற்குக் கிடைப்பது ஓரிரு விநாடிதான், பிறகு நடுவர் பிரித்துவிடுவார். டேக்வாண்டோவில் விழுவதே குற்றம், எதிராளிக்குப் புள்ளி போய்விடும்.

சரி, இதற்கு நேர் எதிராகப் போர்க்களத்துப் பழைய ஜப்பானிய முறைகளைப் பாருங்கள். கவசம் அணிந்த இருவர் கட்டிப்பிடித்துச் சாய்ப்பதை 'குமியுச்சி' என்றார்கள். கீழே அமுக்குவதன் நோக்கம் கழுத்தை நெரிப்பதோ தட்ட வைப்பதோ இல்லை. கவசத்தின் இடுக்கு வழியாகக் குறுவாளை இறக்குவது. தரை என்பது சில நொடிகளில் முடிய வேண்டிய இடம். நாற்பது நிமிடம் புரண்டு யோசிக்கும் இடம் இல்லை. பாரம்பரியத்தைப் பாதுகாக்கிறோம் என்பவர்கள் எந்த நூற்றாண்டின் பாரம்பரியத்தை என்று சொல்லிவிட்டால் பாதி வாதம் குறைந்துவிடும்.

காத்தாவில் எல்லாம் ஒளிந்திருக்கிறது என்ற பதிலுக்கு இங்கேயே ஒரு வார்த்தை. சில காத்தா அசைவுகளைப் பிடி, முறுக்கு, எறிதல் என்று படிப்பதில் நியாயம் இருக்கிறது. ஒகினாவாவில் தெகுமி என்ற மல்யுத்தம் இருந்தது, அதன் சாயல் இருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் நின்றபடி செய்யும் ஓர் அசைவை 90 பாகை திருப்பிப் படுக்க வைத்து, 'இதுதான் தரைச்சண்டை, எங்கள் முன்னோர் மறைத்து வைத்தார்கள்' என்பது கற்பனை. அப்படியே மறைந்திருந்தாலும், எதிர்க்கும் உடல் ஒன்றின் மேல் ஒருமுறையும் பழகாத அசைவு அவசரத்துக்குக் கை கொடுக்காது.

எத்தனை சண்டை தரையில் முடிகிறது?

"சண்டைகளில் 90 சதவீதம் தரைக்குத்தான் போகின்றன" என்ற வாசகத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது. ஜியு-ஜிட்சு விளம்பரங்களின் செல்லப் பிள்ளை அது. இந்த எண்ணுக்கு அடிப்படையாகப் பெரும்பாலும் சுட்டப்படுவது லாஸ் ஏஞ்சலீஸ் காவல்துறையின் 1988-ஆம் ஆண்டு மோதல் பதிவுகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு. அதில் வந்த எண் 90 இல்லை, ஏறக்குறைய 62 சதவீதம். அதைவிட முக்கியம், அவை போலீஸ் கைதுகள். தப்பப் பார்க்கும் ஆளைக் கீழே படுக்க வைத்துக் கையைப் பின்னால் மடக்கி விலங்கு மாட்டுவதுதான் காவலரின் வேலையே. அவர்கள் தரைக்குப் போனார்கள் என்பது எதிர்பார்த்ததுதான். சண்டையைத் தவிர்த்து வீட்டுக்குப் போக நினைக்கும் ஒருவரைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

ஆகவே எதிர்த்தரப்பு வாதத்தையும் நியாயமாகக் கேட்க வேண்டும். எதிரே இரண்டு பேர் இருந்தால் ஒருவனைக் காலுக்கு நடுவில் பூட்டிக்கொண்டு படுத்திருப்பது தற்கொலை. மற்றவன் தலையில் உதைப்பான். கத்தி இருந்தால் இன்னும் மோசம், பிடித்து இழுத்து நெருங்குவதே அவனுக்கு உதவியாகிவிடும். சிமெண்ட் தரையும் படிக்கட்டும் பயிற்சி மெத்தை போல மன்னிக்காது. ஆயுதக் கலைகளில் தரைப்பகுதி சிறியதாக இருப்பதற்கும் இதே தர்க்கம்தான். கையில் ஆயுதம் இருப்பவருக்கு அதை வீசத் தூரம் வேண்டும், தரையில் தூரம் இல்லை. தரைக்குப் போகாதே என்ற பழைய ஆசான்களின் அறிவுரையில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

குறை அடுத்த தாவலில் இருக்கிறது. போக விரும்பவில்லை என்பதால் போக மாட்டோம் என்று ஆகிவிடாது. கால் இடறும். சுவர் ஓரத்தில் தள்ளுவார்கள். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். எடை அதிகமுள்ளவர் வெறுமனே மேலே விழுந்தாலே போதும். தன்னைவிடப் பெரிய ஆளால் அமுக்கப்படும் ஆபத்தை நினைத்துத்தான் பல பெண்கள் தற்காப்பு வகுப்பில் சேருகிறார்கள். அவர்களுக்கு நேர்க்குத்தை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்புவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. தரையில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று ஒருவர் வாதாடுகிறாரோ, அங்கிருந்து சீக்கிரம் எழும் பயிற்சி அவ்வளவு அவசியம் என்று அவரே நிரூபிக்கிறார்.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி மாரிஸ் ஸ்மித். அவர் கிக் பாக்ஸிங் வீரர். 1997 ஜூலையில் நடந்த யூஎஃப்சி 14-இல் அவர் எதிரே நின்றது மார்க் கோல்மன், ஒலிம்பிக்கில் மோதிய மல்யுத்த வீரர், அதுவரை யாரிடமும் தோற்காதவர். கோல்மன் எதிர்பார்த்தபடியே ஸ்மித்தைத் தரையில் வீழ்த்தி மேலிருந்து அடித்தார். ஸ்மித் தரையில் வெல்ல முயலவே இல்லை. கால்களால் தூரம் வைத்து, கைகளைக் கட்டுப்படுத்தி, அடிகளைக் குறைத்து, வாய்ப்புக் கிடைத்தபோது எழுந்தார். கோல்மன் களைத்தார். மிச்சச் சண்டை நின்றபடி நடந்தது, நடுவர்கள் ஸ்மித்துக்கு வெற்றி கொடுத்தார்கள். கீழே விழுந்த பிறகும் அவரால் அடிக்கும் கலைக்குத் திரும்பிவர முடிந்தது. 2009-இல் யூஎஃப்சி பட்டம் வென்ற லியோட்டோ மச்சிடாவும் அப்படித்தான். அப்பாவிடம் ஷோட்டோகான் கராத்தே படித்தவர், ரசிகர்கள் கராத்தேக்குக் கிடைத்த வெற்றி என்று கொண்டாடினார்கள். அது உண்மைதான். ஆனால் அவர் சுமோவும் பழகியவர், ஜியு-ஜிட்சுவில் கறுப்பு பெல்ட் பெற்றவர். அவரை வீழ்த்துவது கடினமாக இருந்ததால்தான் அந்தக் கராத்தே வெளியே தெரிய நேரம் கிடைத்தது.

கடிப்பேன், கண்ணைக் குத்துவேன் என்பவர்களுக்கு 1995 ஏப்ரலில் ஜப்பானில் நடந்த, மிகக் குறைந்த விதிகளே கொண்ட வாலே டூடோ போட்டியைச் சொல்ல வேண்டும். யுக்கி நகாய் சிறிய உருவம், கோசென் வழித் தரை ஜூடோவில் பழகியவர். எதிரே அவரைவிட மிகப் பெரிய ஜெரார்ட் கோர்டோ. கட்டிப்பிடித்திருந்தபோது கோர்டோ விதியை மீறிக் கண்ணில் விரலை விட்டார். நகாய்க்கு வலது கண் பார்வை நிரந்தரமாகப் போயிற்று. அந்த நிலையிலும் அவர் விடவில்லை, கோர்டோவின் காலைப் பூட்டி வென்றார், அதே நாளில் இறுதிச் சுற்று வரை போனார். கொடுமையான நிகழ்வு, யாரும் இதைப் பின்பற்றத் தேவையில்லை. ஆனால் கண்ணில் குத்தினால் ஆள் உடனே விட்டுவிடுவான் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைக்காது. அது மட்டுமா, மேலே இருப்பவனுக்கும் விரல்களும் பற்களும் உண்டு. அவனுக்குப் புவியீர்ப்பும் துணை. அழுக்கு உத்திகள் நல்ல நிலையில் இருப்பவருக்குத்தான் முதலில் உதவுகின்றன. நல்ல நிலையைப் பிடிப்பது எப்படி என்பதுதான் தரைப்பயிற்சியின் முதல் பாடம்.

எவ்வளவு, எப்படி

தேவையானதை வரிசையாகச் சொன்னால் நீளமாக வராது. முதலில் விழக் கற்பது. தாடையை மார்போடு ஒட்டி, தலையின் பின்பக்கம் தரையில் படாமல், கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்ளாமல் விழுவது. சாதாரணத் தள்ளுமுள்ளு உயிரை வாங்குவது பெரும்பாலும் குத்தினால் இல்லை, மண்டை தரையில் மோதுவதால்தான். ஜூடோ, ஐகிடோ பழகுபவர்கள் முதல் வாரத்திலிருந்தே இதைச் செய்கிறார்கள். பல கராத்தே வகுப்புகளில் பெல்ட் நிறம் மாறிக்கொண்டே போகும், விழத் தெரியாது. வயதான பிறகும் உதவக்கூடிய ஒரே தற்காப்புத் திறமை இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது வீழாமல் தடுப்பது. காலைப் பிடிக்கக் குனிந்து பாய்பவரின் மேல் இடுப்பைக் கனமாக இறக்கி, கால்களைப் பின்னால் வீசும் 'ஸ்ப்ரால்'. அடிக்கும் கலைக்காரருக்கு இதைவிட லாபமான பாடம் இல்லை, ஏனென்றால் இது பலித்தால் அவர் தன் சொந்தக் கலையிலேயே தொடர்கிறார்.

பிறகு அமுக்கலிலிருந்து வெளியேறுவது. மேலே உட்கார்ந்திருப்பவரின் ஒரு கையையும் அதே பக்கத்துக் காலையும் சிறைப்பிடித்து, இடுப்பைத் தூக்கி அந்தப் பக்கமே புரட்டுவது ஒரு வழி. சிறைப்பிடிக்காமல் இடுப்பை மட்டும் தூக்கினால் அவர் கையை ஊன்றிச் சமாளித்துக்கொள்வார். புதியவர்கள் தவறுவது இங்கேதான். இன்னொரு வழி, பக்கவாட்டில் சரிந்து இடுப்பை இறால் போலப் பின்னால் இழுத்து இழுத்து, முழங்கால் நுழையும் அளவு இடைவெளி உண்டாக்குவது. அதற்குப் பெயரே 'ஷ்ரிம்ப்'. கடைசியாக எழுவது. ஒரு கையை ஊன்றி, மறுகை முகத்தைக் காக்க, ஒரு கால் எதிராளியைத் தடுக்க, மற்றக் காலை உடலுக்குக் கீழே இழுத்துப் பின்னோக்கி எழும் முறை. எதிராளிக்கு முதுகைக் காட்டித் தவழ்ந்து எழக் கூடாது.

ஏறக்குறைய அவ்வளவுதான். கூடுதலாகக் கழுத்து நெரிப்பு எப்படி விழுகிறது என்று தெரிந்திருந்தால் நல்லது, போட்டுப் பழகுவதைவிடத் தவிர்க்கத் தெரிய வேண்டும் என்பதற்காக. கால்பூட்டு வகைகள், கீழே படுத்தபடி கால்களால் எதிராளியைக் கட்டுப்படுத்தும் கார்டு நிலையின் நூறு உட்பிரிவுகள் எல்லாம் தனிக் கலை. அதில் ஆசை உள்ளவர் ஜியு-ஜிட்சு பள்ளிக்கே போகலாம். வாரம் மூன்று மணி நேரம் மட்டும் கிடைக்கும் ஒரு வகுப்பு அதையெல்லாம் இழுத்துப்போட்டால் சொந்தக் கலையும் அரைகுறையாகும், புதியதும் அரைகுறையாகும். கலையின் அடையாளம் போய்விடும் என்று மூத்தவர்கள் கவலைப்படுவதை நான் கிண்டல் செய்ய மாட்டேன், அந்த ஆபத்து நிஜம்.

நடைமுறையில் இதைத் தீர்த்த ஓர் உதாரணம் குடோ என்ற ஜப்பானியக் கலை. கியோகுஷின் கராத்தேயிலிருந்து வந்த அசுமா தகாஷி 1981-இல் தொடங்கிய அமைப்பிலிருந்து வளர்ந்தது. முகக்கவசம் போட்டு முழுவேகத்தில் குத்துகிறார்கள், எறிகிறார்கள், தரைக்கும் போகிறார்கள். ஆனால் தரையில் 30 விநாடி மட்டுமே, ஒரு ஆட்டத்தில் இரண்டு முறைக்கு மேல் இல்லை. அதற்குள் முடி, இல்லையென்றால் எழு. தரை இருக்கிறது என்பதையும் அங்கே குடியிருக்கக் கூடாது என்பதையும் அந்த ஒரே விதி சொல்லிவிடுகிறது.

பயிற்சி முறையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பட்டியலுக்குப் பொருள் இல்லை. மேலே உட்கார்ந்திருப்பவர் நிஜமாகவே எழவிடாமல் தடுக்க வேண்டும். முதலில் பாதி பலம், பிறகு முழுப் பலம். 1993-இல் தோற்றவர்களுக்குக் குறைவாக இருந்தது தரை உத்திகள் மட்டும் இல்லை, தரையில் எதிர்த்து நிற்கும் உடலோடு பழகிய மணி நேரங்களும்தான். கானோவின் ஜூடோவுக்குப் பலம் கொடுத்தது அவர் ராண்டோரி என்ற கட்டற்ற பயிற்சிக்குக் கொடுத்த இடம். ஒத்துழைக்கும் ஜோடியோடு அழகாகச் செய்து காட்டும் தரைப்பயிற்சியைச் சேர்ப்பதற்கு, சேர்க்காமலே இருக்கலாம். போலி நம்பிக்கையாவது வராமல் இருக்கும்.

இங்கேதான் யாரும் வாய்விட்டுச் சொல்லாத தடை ஒன்று வருகிறது. எதிர்ப்போடு பழகினால் இருபது வருட அனுபவமுள்ள மாஸ்டரை, பள்ளியில் மல்யுத்தம் செய்த ஒரு புது மாணவன் முதல் நாளே அமுக்கிவிடலாம். மெத்தை பெல்ட்டின் நிறத்தைப் பார்ப்பதில்லை. மரியாதையின் மேல் கட்டப்பட்ட வகுப்பில் இதை ஏற்றுக்கொள்வது சுலபமில்லை. தேவையில்லை என்று வரும் வாதங்களில் சில இந்தச் சங்கடத்தை மறைக்கத்தான் வருகின்றன என்பது என் சந்தேகம். இதற்குச் சிறந்த வழி, ஒரு வார இறுதிப் பட்டறையில் நாலு உத்தி கற்றுக்கொண்டு வந்து தானே நிபுணராவது இல்லை. அருகில் உள்ள ஜூடோ அல்லது மல்யுத்தப் பயிற்சியாளரை மாதம் சில வகுப்புகளுக்கு அழைத்து, மாஸ்டரும் மாணவர்களோடு வரிசையில் நின்று கற்றுக்கொள்வது.

நடைமுறைச் செலவுகளும் உண்டு. மெத்தை இல்லாமல் தொடங்கக் கூடாது. மெத்தையைத் தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைக்காவிட்டால் படர்தாமரை வகுப்பு முழுக்கப் பரவும். நகம் வெட்டாமல் வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். தட்டினால் அந்த நொடியே விட வேண்டும் என்பதை உத்திகளுக்கு முன்னால் சொல்லிக்கொடுக்க வேண்டும். கழுத்தையும் முழங்காலையும் முறுக்கும் எதையும் சிறுவர்களிடம் கொண்டுபோக வேண்டாம். அவர்களுக்கு விழுவதும், புரட்டுவதும், எழுவதும் போதும், விளையாட்டு போலவே கற்றுக்கொண்டுவிடுவார்கள். பத்து நிமிடம் ஒதுக்கினால்கூட, வகுப்பின் கடைசியில் எல்லோரும் களைத்திருக்கும்போது அதைச் செய்வது நல்லது. களைப்பில் பலம் கைவிட்டுவிடும், எந்த உத்தி நிஜமாகப் பழகியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.